படகை அனுப்பச் சொன்ன மகளுக்கு

அன்பு மகளே,

நீ கேட்ட பை, கூடத்து மூலையில் தையல் மிஷினுக்கும் சுவருக்கும் நடுவில் சாய்ந்தபடி இருக்கிறது. புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்தால், யாரோ கிரிக்கெட் மட்டைகளை மொத்தமாகக் கட்டி வைத்திருப்பதாக நினைப்பார்கள். உள்ளே ஒரு முழுப் படகு மடிந்து கிடக்கிறது என்றால் நம்ப மாட்டார்கள். நேற்று அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பார்சல் ஆபீஸ் வரைக்கும் போனேன். அங்கிருந்த பையன், "உள்ள என்னக்கா?" என்று கேட்டான். "படகு" என்றேன். அவன் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உடையுற சாமானா?" என்றான். பையைத் தூக்கிக்கொண்டு அதே ஆட்டோவில் திரும்பிவிட்டேன். ஏன் திரும்பினேன் என்பதைப் போனில் சொன்னால், பாதி கேட்பதற்குள் "சரி சரி, விடும்மா" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது.

அன்று நீ போன் செய்தபோது நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். "எம்மா, அந்தப் படகைக் கொச்சிக்குப் பார்சல் போட்டுருதியா? அவுகளுக்கு ஒரு தடவை ஏறிப் பாக்கணும்னு ஆசையா இருக்காம்" என்றாய். "அதுக்கென்னளா, போட்டுருதேன்" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு, கரைத்த புளியையே மறுபடி மறுபடி கரைத்துக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளைக்கு ஆசை வந்து எத்தனை நாள் இருக்கும்? தை மாதம் கல்யாணம், இப்போது பங்குனி. அதற்குள் அவர் கேட்டார், நீ சரி என்றாய். நான் கேட்கவே இல்லை. கேட்காதது என் தப்பு என்று நீ சொல்லலாம். ஆனால் மூன்று வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீ அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும்போது வாசல்படியில் நின்ற என் முகத்தை ஒரு தடவையாவது பார்த்திருந்தால், கேட்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

எனக்கு வந்தது கோபம் இல்லை. அது என்னவென்று நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன். பொறாமைதான். நான் பரீட்சைக்குப் படிக்கிற தமிழ்ப் புத்தகத்தில் அதற்கு அழுக்காறு என்று ஒரு சொல் இருக்கிறது. அழுக்கு என்று தொடங்குவதால் எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. பெற்ற மகள் மீது ஒரு தாய்க்குப் பொறாமை வரலாமா என்று யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் சிரிப்பார்கள், அல்லது திருச்செந்தூருக்குப் போய்க் கடலில் முழுக்குப் போட்டுவிட்டு வா என்பார்கள். அதிலும் பார், எனக்கு அவர்கள் தரும் கடல் முழுக்குப் போடுகிற கடல்தான்.

நான் பிறந்த உடன்குடிக்குக் கடல் தூரமே இல்லை. ஆனால் கருப்பட்டி வியாபாரம் செய்கிற வீட்டில் கடல் என்பது திசை சொல்ல உதவுகிற ஒரு பொருள். கடலுக்கு அந்தப் பக்கம், கடலுக்கு இந்தப் பக்கம், அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒரு முறை திருச்செந்தூரில் ஒருவர் கையை ஒருவர் பிடித்து வரிசையாக நின்று, ஒரு அலை வந்து அடித்ததும் தலையை நனைத்துக்கொண்டு கரையேறுவோம். கையை விட்டால் திட்டு விழும். கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தேன். இங்கே கடல் இன்னும் பக்கம். ஆனால் உங்க அப்பா கடையும் வீடும் பஜாரில். மாலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனால், கடலுக்கு எதிரே உட்கார்ந்து சுண்டல் தின்றுவிட்டு வருவோம். அந்தக் குழந்தை நீதான். ஒரு நாள் கடலைப் பார்த்துக் கையை நீட்டி, "அங்க போவோம்" என்றாய். "அங்கன எல்லாம் போகக் கூடாது, ராசாத்தி" என்று சொன்னவள் நான். எனக்குச் சொல்லிக்கொடுத்ததை உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். நீ கேட்கவில்லை. அப்போது அதற்காக வருத்தப்பட்டேன். இப்போது அதற்காகவே பொறாமைப்படுகிறேன்.

நீ படகு கட்டத் தொடங்கிய மாதம் நான் மறுபடி பள்ளிப் பாடம் படிக்கத் தொடங்கிய மாதம் என்பது உனக்கு நினைவிருக்கிறதா? ஒன்பதாம் வகுப்போடு என்னை நிறுத்தித் தையல் கற்றுக்கொள்ள அனுப்பினார்கள் என்று உனக்குத் தெரியும். தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதச் சொல்லி நீதான் எனக்கு விண்ணப்பம் போட்டுக்கொடுத்தாய். அதற்கு நான் எப்போதும் கடமைப்பட்டவள். பரணிலிருந்து உன் பழைய புத்தகங்களை இறக்கினேன். அறிவியல் புத்தகத்தில் மிதத்தல் பாடத்தைத் திறந்தால், ஓரமெல்லாம் நீ பென்சிலால் படகு படகாக வரைந்து வைத்திருந்தாய். ஒரு வரியின் அடியிலும் கோடு போட்ட அடையாளமே இல்லை. பாடத்தை நீ படிக்கவே இல்லை. நான் அதை எழுத்து விடாமல் படித்தேன். ஒரு பொருள் தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஒதுக்கித் தள்ளினால் மிதக்கும். அரிசி கழுவும்போதும் துணி அலசும்போதும் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்தேன். பாடம் எனக்குத் தெரிந்தது, படகு உனக்குக் கிடைத்தது. இது என்ன நியாயம் என்று அப்போதே ஒரு நாள் மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

மொட்டைமாடியில் நீ வேலை செய்ததை நான் ஒன்று விடாமல் பார்த்தேன். ஜன்னல் திரை மாட்டுகிற அலுமினியக் குழாய்களைத் துண்டு துண்டாக அறுத்தாய். ஒரு துண்டின் வாயில் அதைவிட ஒல்லியான துண்டைச் செருகி, நீளமாக்கவும் பிரிக்கவும் ஏற்றபடி செய்தாய். ஒட்டுப்பலகையில் முட்டை வடிவ வளையங்களை வெட்டி, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்தாய். குழாய்களை அந்த வளையங்களின் மேல் வைத்துக் கட்டி நிமிர்ந்தபோது மீன் முள்ளைப் போல ஒரு கூடு நின்றது. உங்க அப்பா துண்டை உதறியபடி மாடிக்கு வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஏளா, என்னளா இது, பாடை கட்டி வச்சிருக்க மாதிரி இருக்கு?" என்றார். நீ நிமிராமலே, "உங்களுக்கு இல்லப்பா, நீங்க பயப்படாதீங்க" என்றாய். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனாலும் மறுநாள் கடையிலிருந்து மூடி போட்ட காலி எண்ணெய்க் கேன் இரண்டை அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார். முன்மூக்கில் ஒன்று, வால் பக்கம் ஒன்று வைத்தால் கவிழ்ந்தாலும் முழுகாது என்று நீ சொன்னதை அவர் கேட்காத மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

என் பங்குக்குப் படகின் மேல்தோலைத் தைத்தேன். லாரித் தார்ப்பாயை நீ அளந்து வெட்டிக் கொடுக்க, மிஷின் ஊசி ஏறாததால் கோணி ஊசியால் கையிலேயே தைத்தேன். கருப்பட்டிச் சாக்கு தைத்த வீட்டுப் பெண்ணுக்கு அது கஷ்டமில்லை. தையல் மேல் நீ பசை தடவிப் பட்டை ஒட்டினாய். ஒரு வாரம் நம் இரண்டு பேர் கையிலும் ஒரே பசை வாடை. அந்த வாரத்தில்தான் எனக்கு ஆசை பெரிதாகிவிட்டது. இந்தப் படகில் என்னுடையது இன்னும் கொஞ்சம் இருக்க வேண்டும் என்று தோன்றியது. வளையங்களையும் குழாய்களையும் நீ நைலான் கயிற்றால் கட்டியிருந்தாய். நீலக் கயிறு. எனக்கு அது பிடிக்கவில்லை. நீ வேலைக்குப் போன ஒரு பகலில், உடன்குடியிலிருந்து தருவித்த பனைநாரைத் தண்ணீரில் ஊறவைத்தேன். நீ போட்ட முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டு, ஈர நாரால் எங்கள் ஊர்க் கட்டாகக் கட்டினேன். காய்ந்ததும் நார் இறுகிக் கல்லாகிவிட்டது. தட்டினால் டங் என்றது. சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு, "எம்மா, உன்ன யாரு இதைச் செய்யச் சொன்னா?" என்றாய். "எங்க அப்பா வீட்டுக் கூரையே இந்தக் கட்டுலதாம்லா நின்னுச்சு" என்றேன். நீ ஒரு கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாய். கட்டு உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது.

கூரை நின்ற இடத்தில் நிற்கும், படகு அசைந்துகொண்டே இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை நீ உன் ஆபீஸ் தோழி அமலாவோடு கிளம்பினாய். "நானும் வரட்டா?" என்று கேட்க வாயெடுத்தேன். "வெயிலா இருக்கும்மா, நீ வீட்ல இரு" என்றாய், நான் கேட்பதற்கு முன்பே. பிறகு நடந்ததை அமலா சொல்லித்தான் கேட்டேன். இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டிக் கொஞ்சம் போனதும் நார் ஊறி, இளகி, வளையங்கள் ஒரு பக்கமாகச் சரிந்து, படகு நடுவில் மடியத் தொடங்கியதாம். "ஆன்ட்டி, நீங்க பாக்கலையே! பாய சுருட்டுன மாதிரி சுருண்டுட்டு. இவ உள்ள உக்காந்துகிட்டு, 'எங்கம்மா கட்டு, எங்கம்மா கட்டு'ன்னு கத்துதா" என்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கழுத்தளவுத் தண்ணீரில் ஆட்டைப் பிடித்து இழுத்து வருவது போலப் படகை நீ இழுத்துக்கொண்டு வந்தாயாம். வீட்டுக்கு வந்ததும் நீ என்னைத் திட்டினாய். நானும் விடாமல் பேசினேன். இரண்டு நாள் நம் வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின. ஆனால் ஒன்று சொல்லட்டுமா? நீ முங்கிப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பதறிய அதே நேரத்தில், அதைப் பார்க்க அமலாவுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது, எனக்கு இல்லையே என்றும் நினைத்தேன்.

அதிலிருந்து உனக்கு ஒரு புத்திமதி. அடுத்தவர் போட்ட முடிச்சை அவர் இல்லாத நேரத்தில் அவிழ்க்காதே. உன் மாமியார் சமையலறையில் டப்பாக்களை அடுக்கி வைத்திருக்கும் முறை உனக்குக் கோணலாகத் தெரியலாம். மாப்பிள்ளை சட்டைகளை மடிக்கும் விதம் உனக்குப் பிடிக்காமல் இருக்கலாம். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட்டுச் செய். உன்னுடையதை அவர்கள் அவிழ்த்தாலும் அன்றைக்கே சண்டை போட்டுவிடு. நாம் போட்டது போல, இரண்டு நாளில் முடிகிற சண்டையாகப் போடு.

நீ மறுபடி நைலானால் கட்டினாய். அதன் பிறகு படகு ஒரு நாளும் சுருளவில்லை. ஞாயிறு தோறும் விடியும்போது போவாய், வெயில் ஏறுவதற்குள் திரும்புவாய். முகமெல்லாம் உப்புப் பூத்து, கண்கள் மட்டும் பளபளவென்று இருக்கும். நான் காபியை நீட்டிக்கொண்டே கேட்பேன், "எப்படி இருந்துச்சு?" நீ சொல்வாய், "நல்லா இருந்துச்சும்மா." மூன்று வருஷமும் அதே பதில். ஒரு நாள் விடாப்பிடியாக, "என்ன பாத்த?" என்று கேட்டேன். "என்னத்தம்மா பாக்க, தண்ணிதான்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாய். நான் எதையாவது படித்தால் அதில் வருகிற ஊரின் தெருக்கள் வரைக்கும் உனக்குச் சொல்கிறவள். கடலைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் நூலகத்தில் எடுத்துப் படித்தேன். முத்துப்பார் எங்கே இருந்தது, கல்லைக் காலில் கட்டிக்கொண்டு எப்படிக் குதித்தார்கள், எந்த மாதம் கச்சான் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும், எல்லாம் தெரியும். நேரில் பார்த்த ஒருத்தி என் வீட்டிலேயே இருந்துகொண்டு வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். சுவைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்தவளிடம் பசியோடு இருப்பவள் கேட்டால், "சாப்பாடுதான்" என்று சொன்னது போல இருந்தது.

அதனால்தான் நேற்று ஆட்டோவைத் திருப்பினேன். படகு கொச்சிக்குப் போய்விட்டால், அது எனக்குக் கடைசிவரை "தண்ணிதான்" என்ற ஒரு சொல்லாகவே நின்றுவிடும். வீட்டுக்கு வந்ததும் அமலாவுக்குப் போன் செய்தேன். "ஏளா, நாளைக்குக் காலையில ஒரு வேலை இருக்கு, வாரியா?" என்றேன். என்ன வேலை என்று சொன்னதும் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். பிறகு, "ஆன்ட்டி, சேலை வேண்டாம். சுடிதார் போட்டுக்கிடுங்க" என்றாள். உங்க அப்பா இரவு சாப்பிடும்போது, "உனக்கு நீச்சல் தெரியுமா?" என்றார். "மிதக்குறதுக்கு ஜாக்கெட் இருக்கு" என்றேன். "பரீட்சைக்குப் படிக்கப் படிக்க வாய் நீண்டுட்டு" என்றார். ஆனாலும் காலையில் எங்களுக்கு முன்பே ஸ்கூட்டரைத் துடைத்து வெளியே நிறுத்தியிருந்தார். தோளில் கருப்பட்டி மூட்டை கட்டுகிற கயிறு ஒரு சுருள்.

கடற்கரையில் படகை நானேதான் பூட்டினேன். அமலா கை வைக்க வந்தாள், வேண்டாம் என்றேன். நீ மாடியில் எத்தனையோ தடவை செய்ததைப் பார்த்த கண் இது. முன்பாதிக் கூட்டைத் தோலுக்குள் ஒரு முனையிலிருந்து தள்ளினேன். பின்பாதியை மறுமுனையிலிருந்து. நடுவில் இரண்டும் சந்திக்கிற இடத்தில் கூரை முகடு மாதிரி மேலே தூக்கிக்கொண்டு நின்றது. நீ முழங்காலால் ஒரு அமுக்கு அமுக்குவாய், நேராகிவிடும். நான் அமுக்கினேன், நகரவில்லை. மறுபடி அமுக்கினேன். உங்க அப்பா, "விட்ரு, போய் இட்லி தின்போம்" என்றார். நான் திரும்பி அதன் மேல் உட்கார்ந்தே விட்டேன். படக்கென்று ஒரு சத்தம். குழாய்கள் நேராகி, தோல் முழுக்க இழுபட்டு, தட்டினால் மேளம் மாதிரி அதிர்ந்தது. உனக்கு இல்லாத எடை எனக்கு இருக்கிறது என்பதில் முதன்முறையாகப் பெருமைப்பட்டேன்.

அவர் அந்தக் கயிற்றின் ஒரு நுனியை உட்காருகிற இடத்து வளையத்தில் கட்டினார். மறுநுனியைத் தன் கையில் சுற்றிக்கொண்டார். கன்றுக்குட்டியைக் கட்டியது போல. அமலா படகைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறினேன். ஏறினேன் என்பதைவிட விழுந்தேன் என்பதுதான் சரி. "ஆன்ட்டி, காலை நீட்டுங்க. இடுப்பை ஆட்டாதீங்க. துடுப்பைப் பாக்காதீங்க, தூரத்துல பாருங்க" என்றாள். இரண்டு பக்கமும் தட்டையான உன் துடுப்பை இடதும் வலதுமாகப் போட்டேன். பாதித் தண்ணீர் என் மடியில் விழுந்தது. ஆனால் படகு போனது, மகளே. கரையிலிருந்து அவர், "ஏளா, போதும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "போதும்னு சொல்லுதேன்லா" என்றார். அதற்குள் கயிறு விறைத்துவிட்டது. நான் துடுப்புப் போட்டால் படகு ஒரு முழம் முன்னே போய், அதே ஒரு முழம் பின்னே வந்தது. எனக்குத் திருச்செந்தூரில் கை கோத்து நின்றது ஞாபகம் வந்தது. துடுப்பை மடியில் வைத்துவிட்டு முடிச்சைப் பார்த்தேன். எங்கள் ஊர்க் கட்டுதான், நான்தான் அவருக்கு எப்போதோ சொல்லிக்கொடுத்தது. எந்த நுனியை இழுத்தால் அவிழும் என்று எனக்குத் தெரியும். திரும்பி அவரைப் பார்த்து, "அவுக்கப் போறேன்" என்று கத்தினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவிழ்க்க வேண்டும் அல்லவா. அவர் என்னவோ சொன்னார், காற்றில் கேட்கவில்லை. இழுத்துவிட்டேன்.

இனி நான் சொல்வது நீ மூன்று வருஷமாக எனக்குச் சொல்லாதது. தண்ணீர் தார்ப்பாய்க்கு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. தோலின் வழியாக அது போவது தொடையில் தெரிகிறது, குளிர்ந்த ஒரு பெரிய விலங்கு உரசிக்கொண்டு போவது போல. கரையில் நாம் பார்க்கிற நிறம் உள்ளே இல்லை. பக்கத்தில் நீர் பச்சையாகவும் இல்லை, நீலமாகவும் இல்லை, கண்ணாடியாக இருக்கிறது. அடியில் மணல் வரி வரியாக, சீப்பால் வாரிவிட்டது போலக் கிடக்கிறது. ஒரு நண்டு என் நிழல் பட்டதும் ஓடியது. என் நிழலுக்குக் கடலின் அடியில் ஒரு நண்டு பயப்படுகிறது! பிறகு கொஞ்சம் தைரியம் வந்து படகைத் திருப்பினேன். அப்போதுதான் நம் ஊரைப் பார்த்தேன். துறைமுகத்துக் கிரேன்கள், புகைக்கூண்டு, கோயில் கோபுரம், மாதா கோவில் சிலுவை, ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள், எல்லாம் ஒரே வரிசையில் கடலைப் பார்த்து நின்றன. இந்த ஊருக்கு முகம் கடல் பக்கம் இருக்கிறது, மகளே. இத்தனை வருஷமும் நான் இதன் கொல்லைப்புறத்தில் குடியிருந்திருக்கிறேன். நீ ஒவ்வொரு ஞாயிறும் இதன் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து, கொல்லைப்புறத்தில் காபியோடு நின்றவளிடம் "தண்ணிதான்" என்று சொல்லியிருக்கிறாய்.

அப்போது ஒரு வள்ளம் பக்கமாக வந்தது. வலை நிறைய மீனோடு திரும்புகிறவர்கள். மெதுவாக ஓட்டி, என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு ஒருவர் கேட்டார், "எம்மா, எங்கன கிளம்பிட்டீக? கொழும்புக்கா?" "ஆமா அண்ணாச்சி, இப்படியே நேரா போனா வந்துருமா?" என்றேன். "அது தெக்க. நீங்க மேக்க பாத்து உக்காந்திருக்கீக" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வள்ளம் போன அலையில் படகு ஏறி இறங்கியது. நீலக் கயிற்று முடிச்சுகள் என் இரண்டு பக்கமும் முனகின, ஆனால் ஒன்றும் இளகவில்லை. நீ போட்ட முடிச்சு. அந்த நேரத்தில் உன்னை நினைத்துப் பெருமைப்பட்டேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நினைத்தது வேறு. இவளுக்கு இருபத்து மூன்று வயதில் இது கிடைத்திருக்கிறது, எனக்கு இப்போதுதானா என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. கடல் தண்ணீர்தான் என்று பிறகு கரையில் அமலாவிடம் சொன்னேன்.

கரைக்கு வந்தபோது உங்க அப்பா முழங்கால் வரை நனைந்து கடலுக்குள் நின்றார். கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். நான் வீடு வரும் வரைக்கும், ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, அவர் காதில் சொல்லிக்கொண்டே வந்தேன். பஜார் முனையில் பச்சை சிக்னல் விழுந்தும் அவர் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். "பொறுங்கய்யா, நண்டு கதை முடியல" என்றார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். படகை அனுப்பப் போவதில்லை. தோலில் தையல் என்னுடையது, கூடு முழுக்க உன்னுடையது, கேன்கள் அப்பாவுடையவை என்று கணக்குப் பார்த்தால் வழக்கு நீளும். நான் அப்படிப் பார்க்கவில்லை. வேண்டும், அதனால் வைத்துக்கொள்கிறேன். ஒரு தாய் இப்படிச் சொல்லக் கூடாது என்பார்கள். உன் பங்குச் சோற்றைப் பிடுங்கித் தின்கிறேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. உனக்குச் செய்யத் தெரியும், உன் கை இளசு, உன் ஊரில் காயலும் கால்வாயும் வீட்டு வாசலிலேயே கிடக்கின்றன. எனக்கு இருப்பது இந்த ஒரு படகும், கச்சான் தொடங்கும் வரைக்குமான சில ஞாயிற்றுக்கிழமைகளும்தான். நடுவில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை வேறு.

ஆனாலும் பார்சல் ஒன்று வருகிறது. உன் வளையங்களை ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் வைத்து வரைந்து, ரவிக்கைக்கு அளவு வெட்டுவது போல வெட்டியிருக்கிறேன். முன்னாலிருந்து பின்னால் வரை வரிசை எண் போட்டிருக்கிறது. தோலின் அளவும் அப்படியே. கூடவே நீல நைலான் கயிறும், ஒரு கோணி ஊசியும். பனைநார் வைக்கவில்லை, பயப்படாதே. மாப்பிள்ளைக்கு ஆசை இருந்தால் அவரும் உட்கார்ந்து தைக்கட்டும். விரலில் குத்தினால் சர்க்கரை வைத்து அழுத்திக்கொள்ளச் சொல். இரண்டு பேர் சேர்ந்து செய்தால், யாருடையது எவ்வளவு என்று பிற்பாடு யாரும் பொறாமைப்பட வேண்டியதில்லை. ஆனால் முடிந்ததும் முதல் ஆளாக நீ ஏறு. அவர் ஆசைப்பட்டாலும் சரி, அவர் அம்மா பக்கத்தில் நின்றாலும் சரி. ஒரு சுற்று வந்துவிட்டு, பிறகு அவரை ஏறச் சொல். உன் மாமியார் வாசலில் நின்று பார்த்தால், அவர்களும் ஏறுகிறார்களா என்று ஒரு தடவை கேள். வேண்டாம் என்றால் இன்னொரு தடவை கேள்.

விடுமுறைக்கு இங்கே வரும்போது இந்தப் படகும் உனக்குத்தான். எடுப்பதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

உன் புதுப் படகில் முதன்முதலாகப் போய்விட்டு வந்த அன்றைக்கே உட்கார்ந்து எனக்கு எழுது. தண்ணீர் என்ன நிறம், அடியில் என்ன இருந்தது, யார் எதிரே வந்தார்கள், என்ன கேட்டார்கள், உன் ஊரின் முகம் எப்படி இருந்தது, எல்லாம் வேண்டும். "நல்லா இருந்துச்சும்மா" என்று மட்டும் எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவேன். படித்து முடித்ததும் எனக்கு மறுபடி உன் மேல் பொறாமை வர வேண்டும். அந்த அளவுக்கு எழுது.

உன் அம்மா